கராஜ் கதவு ஸ்பிரிங்கை வீட்டிலேயே முறுக்கலாமா?

கேள்வி இதுதான். இரண்டு கார் நிற்கும் கராஜ், மேலே மடங்கிப் போகும் பலகைக் கதவு. இரவில் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். காலையில் பார்த்தால், கதவுக்கு மேலே தண்டில் மாட்டியிருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று நடுவில் அறுந்து, இரண்டு விரல் இடைவெளியோடு நிற்கிறது. "வீடியோக்களில் இரண்டு ஸ்க்ரூடிரைவரை வைத்தே முறுக்கிவிடுகிறார்கள். அதைவிடப் பாதுகாப்பான வழி உண்டா? இல்லை, இதில் கையே வைக்கக் கூடாதா?"

வழி உண்டு. ஆனால் எந்த வழியாக இருந்தாலும், வேலை நடக்கும் ஒவ்வொரு நொடியும் உங்களிடம் பதில் இருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த ஸ்பிரிங்கில் இருக்கும் முறுக்கை இப்போது எது தாங்கிக்கொண்டிருக்கிறது? ஸ்பிரிங்கின் முனையைத் தண்டோடு பூட்டும் திருகா, முறுக்குவதற்காகச் செருகிய கம்பியா, கதவா, உங்கள் கையா? பதில் தெரியாத நொடியில் எதையும் தளர்த்தக் கூடாது. கீழே நான் சொல்லப்போவது எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் எவ்வளவு சக்தி என்று பார்த்துவிடலாம். கதவு 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உயரம் 7 அடி. தண்டின் இரு முனையிலும் கதவைத் தூக்கும் கேபிள் சுற்றிக்கொள்ளும் டிரம் பெரும்பாலும் 4 அங்குல விட்டம், அதாவது ஆரம் சுமார் 5 சென்டிமீட்டர். 80 கிலோவை 5 சென்டிமீட்டர் ஆரத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கில் ஏறியிருக்கும் முறுக்கு அவ்வளவுதான். ஒரே ஸ்பிரிங் முழு பாரத்தையும் சுமந்தால், தண்டின் மையத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிக் கம்பியைப் பிடிக்கும் உங்கள் கைக்கு வருவது சுமார் 10 கிலோ. இரண்டு ஸ்பிரிங் பகிர்ந்தால் ஆளுக்கு 5 கிலோ.

என்னடா இது, இவ்வளவுதானா என்று தோன்றும். ஏமாற்றுவதே இந்த இடம்தான். கைக்கு வரும் விசை சின்னது. உள்ளே சேர்ந்திருக்கும் ஆற்றல் சின்னதல்ல. ஏழரை சுற்று முறுக்கிய அந்த ஸ்பிரிங்குகளில் மொத்தம் 900 ஜூல் அளவுக்கு அடைபட்டுக் கிடக்கிறது. 80 கிலோ மனிதர் ஒருவர் ஒரு மீட்டருக்கும் மேலிருந்து கீழே விழுவதற்குச் சமம். கதவோடு இணைந்திருக்கும்போது அந்த ஆற்றல் மெதுவாகத்தான் வெளியே வரும், ஏனென்றால் கனமான கதவைத் தூக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் முறுக்கும் நேரத்தில் திருகுகள் தளர்ந்திருக்கின்றன, கோன் (ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும், கம்பி செருகத் துளையுள்ள வார்ப்புத் துண்டு) தண்டோடு ஒட்டாமல் இருக்கிறது. கை நழுவினால் அந்த ஸ்பிரிங்குக்கு இழுக்க எதிர்ப்பாரமே கிடையாது. கோனும் கம்பியும் மட்டும்தான். கம்பி ஒரு சுற்றில் மணிக்கட்டையோ முகத்தையோ அடித்துவிடும்.

ஸ்க்ரூடிரைவர் ஏன் கூடாது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. 20 சென்டிமீட்டர் பிடிமானம் என்றால் 10 கிலோ 20 கிலோ ஆகிவிடும். அதைக்கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது, துளைக்குள் அது ஆடுவது. கோனில் 90 பாகைக்கு ஒன்றாக நான்கு துளைகள் இருக்கும். வீட்டுக் கதவுகளில் பெரும்பாலும் அரை அங்குலக் கம்பிக்கானவை. ஸ்க்ரூடிரைவரின் தண்டு அதைவிட மெலிந்தது, துளையின் விளிம்பில் மட்டும் பட்டு நிற்கும், கொஞ்சம் சாய்ந்தால் வழுக்கி வெளியே வரும். துளை வார்ப்பு உலோகம், விளிம்பு உடையவும் செய்யும். வீடியோவில் இருபது பேர் செய்து காட்டியிருக்கலாம். கை போனவர் யாரும் வீடியோவை ஏற்றிக்கொண்டிருக்க மாட்டார்.

சரி, வேலைக்கு வருவோம். ஏணியில் ஏறுவதற்கு முன்னால் தரையில் செய்ய வேண்டியவை சில.

ஓப்பனரின், அதாவது கதவைத் திறந்து மூடும் மோட்டாரின், பிளக்கைப் பிடுங்குங்கள். கதவு முழுதாக மூடியிருக்கிறது என்று உறுதி செய்த பிறகே சிவப்புக் கயிற்றை இழுத்து ஓப்பனரைக் கதவிலிருந்து விடுவியுங்கள். இந்த வரிசை முக்கியம். ஸ்பிரிங் அறுந்த நிலையில் கதவு பாதி திறந்து நின்றால், அதைத் தாங்கிக்கொண்டிருப்பது ஓப்பனர் மட்டும்தான். அந்த நேரத்தில் கயிற்றை இழுத்தால் கதவு அப்படியே இறங்கும், கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காது.

அப்புறம், இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் ஒரு ரோலருக்குச் சற்று மேலே வைஸ் கிரிப்பைப் பூட்டுங்கள். பிடித்தால் பூட்டிக்கொள்ளும் குறடுதான். முறுக்கு ஏற ஏறக் கதவு மேலே கிளம்பப் பார்க்கும். அதைத் தடுப்பதற்கு இது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கதவு கனம்தானே, எழும்பவா போகிறது என்று நினைப்பு. ஸ்பிரிங்கின் வேலையே அந்தக் கனத்தைச் சமன் செய்வதுதான். இரண்டு கால் சுற்று அதிகமாகப் போனால் போதும், கதவு தானாக எழுந்து, கேபிள் டிரம்மை விட்டு நழுவி, நீங்கள் ஏணியில் நிற்கும்போதே எல்லாம் ஒன்றாக நடக்கும்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அரை அங்குலம் கனமும் 18 அங்குலம் நீளமும் உள்ள இரண்டு எஃகுக் கம்பிகள், இந்த வேலைக்கென்றே விற்பவை. கோனின் துளைக்குள் போட்டுப் பார்த்து, அடி வரை போகிறதா, ஆட்டம் இல்லாமல் நிற்கிறதா என்று சோதியுங்கள். உள்ளே எவ்வளவு போகிறது என்று டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் முழுதாகப் போயிற்றா என்பது கண்ணுக்கே தெரியும். கண்ணாடி போடுங்கள். தொங்கும் சட்டையும் கழுத்துச் சங்கிலியும் வேண்டாம். ஏணியை கோனுக்கு நேர் கீழே வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். கம்பி சுற்றும் வட்டத்துக்குள் உங்கள் தலை வரக் கூடாது. எளிய விதி, ஆனால் துளை தெரியவில்லை என்று எட்டிப் பார்க்கும் கணத்தில் எல்லோரும் மீறுகிற விதி.

இனி, அறுந்த ஸ்பிரிங்கைவிட ஆபத்தானது அறுந்துபோகாமல் பக்கத்தில் நிற்கும் ஸ்பிரிங். அறுந்ததில் முறுக்கு எல்லாம் அந்த வெடிச்சத்தத்தோடு போய்விட்டது. மற்றது இன்னும் முழு முறுக்கோடு இருக்கிறது. "ஒன்றுதானே போச்சு, அதை மட்டும் மாற்றுகிறேன்" என்று நினைத்தாலும் தண்டைக் கழற்ற நல்லதையும் தளர்த்தியே ஆக வேண்டும். பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்பேன். சாதாரண வீட்டு ஸ்பிரிங்குகள் சுமார் 10,000 முறை திறந்து மூடுவதற்குக் கணக்கிட்டுச் செய்யப்படுபவை. ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் ஏழு ஆண்டு. இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே எண்ணிக்கை ஓடியவை. ஒன்று போனால் மற்றது வரிசையில் நிற்கிறது.

அந்த நல்ல ஸ்பிரிங்கைத் தளர்த்தும் தருணம்தான் இந்த வேலையிலேயே மோசமானது. இதுவரை முறுக்கைத் தாங்கியவை கோனைத் தண்டோடு பூட்டும் இரண்டு திருகுகள், செட் ஸ்க்ரூ என்பார்கள். அவற்றைத் தளர்த்திய நொடியில் பாரம் முழுதும் உங்கள் கைக்குத் தாவும். படிப்படியாக வராது, திடீரென்று வரும். அதனால், திருகைத் தொடுவதற்கு முன்னால் கம்பியை அடி வரை செருகி, முறுக்கு ஏறும் திசையில் சற்றே தள்ளிப் பாருங்கள். பாரம் கைக்கு வந்துவிட்டது என்று தெரிய வேண்டும். வந்த பிறகே மறு கையால் ஸ்பேனரைப் போடுங்கள். பாரத்தை முதலில் வாங்கிக்கொள், பிறகு பூட்டைத் திற. இந்த வரிசையை மாற்றினால் முதல் நொடியிலேயே அதிர்ச்சி, அதிர்ச்சியில் கை திறந்துவிடும். எனக்கு ஒருமுறை இது நடந்தது. முதல் திருகு துருவேறி இறுகி இருந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்ததில் கம்பி கை அளவுக்குச் சாய்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. கம்பி கதவில் போய் முட்டி நின்றது, என் கையில் முட்டவில்லை. அதில் என் திறமை எதுவும் இல்லை.

கம்பி கதவில் முட்டி நின்றது என்றேனே, அதையே வேண்டுமென்று செய்தால் ஒரு நல்ல உத்தி. வழக்கமான அமைப்பில், உள்ளே நின்று கதவைப் பார்த்தால், கம்பியை மேல்நோக்கித் தள்ளும்போது முறுக்கு ஏறும். அவிழும்போது கம்பி எதிர்த்திசையில், அதாவது கீழே இறங்கிக் கதவை நோக்கிப் போகும். ஆகவே நேர் கீழே தொங்கும் கம்பி கதவின் மேல் பலகையில் சாய்ந்து தானாக நிற்கும். அந்த நிலையில் முறுக்கைத் தாங்குவது கதவு, உங்கள் கை அல்ல. மூச்சு வாங்கவும், ஸ்பேனரை மாற்றவும், திருகை இறுக்கவும் இதுவே இடம். பலகை மெல்லிய தகடாக இருந்தால் இடையில் ஒரு மரத்துண்டு வையுங்கள், குழி விழாது. கம்பி அடி வரை செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாய்க்க வேண்டும், அவ்வளவே. ஆனாலும் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

புதிய ஸ்பிரிங் வாங்கும்போது மூன்று அளவும் ஒரு திசையும் வேண்டும். ஸ்பிரிங் கம்பியின் தடிமன், சுருளின் உள்விட்டம், முறுக்காத நிலையில் நீளம், இட முறுக்கா வல முறுக்கா. தடிமனை ஒரு சுருளில் அளக்காதீர்கள், தவறிவிடும். ஒட்டி நிற்கும் 20 சுருள்களின் நீளத்தை அளந்து 20ஆல் வகுக்க வேண்டும். நாலரை அங்குலம் வந்தால் 0.225, ஐந்து அங்குலம் வந்தால் 0.250. வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு தடிமனின் நான்காம் படியில் கூடும். இதிலேயே ஒன்றரை மடங்கு வலு ஏறிவிடும். தவறான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு, சுற்றைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம் என்பது நடக்காது. திசையைப் பொறுத்தவரை, உள்ளிருந்து பார்க்கும்போது தண்டைச் சுவரோடு தாங்கும் நடு பிராக்கெட்டின் இடப்பக்கம் வழக்கமாக வல முறுக்கும், வலப்பக்கம் இட முறுக்கும் வரும். மாற்றி மாட்டினால் சுற்றச் சுற்ற அது இறுகாது, அவிழ்ந்து அகலும். முறுக்கு ஏறும் ஸ்பிரிங் மெலிந்து நீளும். ஊதிப் பெருத்தால் உடனே நிறுத்துங்கள்.

மாட்டியதும் சாக்பீஸால் ஸ்பிரிங்கின் முதுகில் முனை முதல் முனை வரை ஒரு நேர்க்கோடு போடுங்கள். முறுக்க முறுக்க அந்தக் கோடு ஏணிப்படி மாதிரிச் சுற்றிக்கொண்டு வரும். எத்தனை சுற்று ஏறியது என்பதை அப்புறம் எண்ணிச் சரிபார்க்கலாம். எண்ணிக்கை தவறிப் போவது ரொம்ப சாதாரணம், பக்கத்தில் யாராவது பேச்சுக்கொடுத்தால் போதும்.

எத்தனை சுற்று? 4 அங்குல டிரம்மின் சுற்றளவு ஏறத்தாழ 12½ அங்குலம். 7 அடி, அதாவது 84 அங்குலக் கதவு முழுதாக எழ டிரம் 6.7 முறை சுற்ற வேண்டும். கதவு மேலே நிற்கும்போதும் கேபிள் தளராமல் இருக்க முக்கால் சுற்றுப் போல மிச்சம் வேண்டும். ஆக ஏழரை சுற்று, 30 கால் சுற்று. 8 அடிக் கதவுக்கு எட்டரை, 34 கால் சுற்று. டிரம் வேறு அளவானால் கணக்கும் மாறும். 30 என்ற எண்ணை எல்லா இடத்திலும் ஒட்டிவிடாதீர்கள்.

முறுக்குவது என்னவோ சலிப்பான வேலைதான். ஒரு கம்பியால் கால் சுற்று தள்ளு, அதைப் பிடித்தபடியே இரண்டாவது கம்பியை அடுத்த துளையில் அடி வரை செருகு, பாரத்தை அதற்கு மாற்று, முதல் கம்பியை எடு. பாரம் மாறாமல் முதல் கம்பி லேசாக உருவ வராது. வராவிட்டால் இழுக்காதீர்கள், பாரம் இன்னும் அதில்தான் இருக்கிறது என்று அர்த்தம். கடைசி ஐந்தாறு கால் சுற்றில்தான் கை களைக்கும், அவசரமும் வரும். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஸ்பிரிங் தன் தடிமனில் கால் பங்கு நீளும். மொத்தத்தில் இரண்டு அங்குலம் வரை ஓரத்துக்கு நகரும். அதற்குத் தண்டில் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். முடிந்ததும் கம்பியைக் கதவில் சாய்த்து நிறுத்தி, செட் ஸ்க்ரூக்களை தண்டைத் தொடும் வரை திருகி, அதன்மேல் அரை முதல் முக்கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம், உள்ளீடற்ற தண்டு நசுங்கிவிடும். இரண்டையும் இறுக்கிய பிறகே கம்பியை மெதுவாக உருவுங்கள். கோன் அசையக் கூடாது.

இதெல்லாம் பழைய முறையைக் கவனமாகச் செய்வது. உண்மையாகவே பாதுகாப்பான வழி என்று நான் சொல்வது வேறு: கம்பியே இல்லாத முறை. புழுச்சக்கரம் என்ற கியர் அமைப்பில், திருகு போன்ற ஒரு தண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் அந்தத் திருகைத் திருப்பிச் சுழற்றாது. கை எடுத்தால் அப்படியே நிற்கும். "இப்போது எது தாங்குகிறது" என்ற கேள்விக்கு எப்போதும் ஒரே பதில், கியர். க்ளோபே நிறுவனத்தின் ஈஸி-செட் அமைப்பில் சாதாரண டிரில்லால் முறுக்கும் வசதி இருக்கிறது. வெய்ன் டால்டனின் டார்க்மாஸ்டரில் ஸ்பிரிங் ஒரு குழாய்க்குள்ளேயே இருக்கும், உடைந்தாலும் துண்டு வெளியே பறக்காது, முறுக்குவது ஓரத்தில் உள்ள கியர் வழியாக. உங்கள் கதவில் இவற்றில் ஒன்று இருந்தால் மேலே சொன்ன கம்பிக் கதை உங்களுக்குப் பொருந்தாது, அதன் கையேட்டையே பின்பற்றுங்கள். ஒன்றின் பாகத்தை மற்றதில் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். சாதாரண கோன் உள்ள கதவுக்கும் தண்டின் மேல் பொருத்தும் கியர் முறுக்கிகள் கிடைக்கின்றன. ஒரே முறை செய்வதற்கு வாங்கினால் ஆள் கூப்பிடுவதைவிட அதிகச் செலவாகலாம். அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் அவ்வப்போது சொல்லப்படும். கதவை முழுதாக மேலே தூக்கி நிறுத்திவிட்டு, அங்கே வேண்டிய முக்கால் சுற்றை மட்டும் போடுவது. பிறகு கதவை இறக்கும்போது அதன் எடையே மீதியை முறுக்கிவிடும். கணக்கு சரிதான், கைக்கு வரும் விசை பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் ஸ்பிரிங் இல்லாத 80 கிலோ கதவை யார் தூக்குவது, எது மேலே பிடிப்பது? கேபிள் டிரம்மில் ஒழுங்காக அமரவில்லை என்றால் இறக்கும்போது ஒரு பக்கம் மட்டும் விழும். கையில் இருந்த ஆபத்தைத் தலைக்கு மேலே மாற்றியதுதான் மிச்சம். இரண்டு மூன்று பேரும் சரியான முட்டுக்கட்டைகளும் இல்லாமல் நான் இதைத் தொட மாட்டேன்.

மேலே தண்டில் ஸ்பிரிங் இல்லாமல், இருபுறமும் கிடைமட்டத் தண்டவாளத்தை ஒட்டி நீண்ட ஸ்பிரிங்குகள் இருந்தால் அது இழுவை வகை. அங்கே வேலை செய்யும் நிலை தலைகீழ். கதவு மூடும்போது இழுபடும், திறக்கும்போது தளரும். ஆகவே வேலை செய்ய வேண்டியது கதவு முழுதாகத் திறந்து, தண்டவாளத்தில் வைஸ் கிரிப் பூட்டி, அடியில் முட்டும் கொடுத்த நிலையில். தளர்ந்த நிலையில் கொக்கியை அடுத்த துளைக்கு மாற்றுவதுதான் சரிசெய்யும் முறை. வீட்டில் செய்ய இது எளிதானதே. ஒன்றை மட்டும் பாருங்கள்: ஸ்பிரிங்கின் நடு வழியாக ஒரு பாதுகாப்புக் கேபிள் ஓடுகிறதா? இல்லை என்றால் வேறு எதற்கும் முன்னால் அதைப் போடுங்கள். இந்த வகை அறுந்தால் சாட்டை மாதிரி வீசும்.

ஆள் கூப்பிட வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கோனில் விரிசல், துளை விளிம்பு உடைந்தது, நடு பிராக்கெட் சுவரில் ஆடுவது, கேபிளில் இழை பிரிந்தது, தண்டு வளைந்தது, கூரை தாழ்ந்து கம்பியைச் சுற்ற இடமில்லாதது. இதில் ஒன்று இருந்தாலும் என் கருவிப்பெட்டியை மூடிவிடுவேன். கதவின் கீழ் மூலையில் கேபிள் மாட்டியிருக்கும் பிராக்கெட்டின் திருகுகளையும் முறுக்கு இருக்கும்வரை தொடக் கூடாது. சில கதவுகளில் அவற்றுக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். முழு பாரமும் அந்த மூலையில்தான் வந்து நிற்கிறது.

முறுக்கி முடித்தீர்கள் என்றால் மிச்சம் சமன் பார்ப்பது. தண்டவாளத்து வைஸ் கிரிப்புகளைக் கழற்றும்போது கதவை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். முறுக்கு அதிகமாகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஓப்பனரை இன்னும் இணைக்காமல், கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மெதுவாக விடுங்கள். அதே இடத்தில் நின்றால் சரி. இறங்கினால் முறுக்கு போதவில்லை, ஏறினால் அதிகம். கதவை மூடி, மறுபடி வைஸ் கிரிப் பூட்டி, இரண்டு ஸ்பிரிங்கிலும் ஒரே அளவாகக் கால் சுற்று மாற்றிப் பாருங்கள். கால் சுற்றுக்காகத்தானே என்று திருகைத் தளர்த்துவதற்கு முன் கம்பியால் பாரத்தை வாங்கிக்கொள்ளும் அந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். கதவு நடுவில் நிற்கும் வரை இப்படி இரண்டு மூன்று முறை ஏறி இறங்க வேண்டி வரலாம். அது நின்ற பிறகு ஓப்பனரை இணைத்து, தண்டிலும் தண்டவாளத்திலும் எந்தக் குறடும் மிச்சம் இல்லை என்று ஒருமுறை கண்ணால் தடவிவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள்.